வாயில் நிற்காத டார்ச்

பல்லால் கடித்தே பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த எலக்ட்ரீஷியன் அவர். சரி, பாதி ஊர் கொஞ்சம் அதிகம்தான். மூன்று தெரு, ஒரு தையல் கம்பெனி, இரண்டு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். வயரின் மேல்தோலைப் பல்லாலேயே உரித்துவிடுவதால் ‘குறடு’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது. நிஜக் குறடு பையில் தூங்கும்; வாய்க் குறடு வேலை பார்க்கும்.

வேலைக்கு மனைவியும் கூடவே போவாள். அவர் ஏணியில், அவள் ஏணியைப் பிடித்தபடி கீழே. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது சின்ன டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொள்வார். இருபத்தாறு வருடமாக இப்படித்தான்.

கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய், முன்பற்கள் மட்டும் மிஞ்சின. “ஈறே கெட்டியாயிடுச்சு, பல்லு எதுக்கு?” என்று மார்தட்டினார். தட்டில் இருந்தது என்னவோ பாலில் ஊறிய ரொட்டியும் குழைந்த சோறும்தான். இப்படியே ஐந்து வருடம். கன்னம் ஒட்டியதற்கு வயதின் மேல் பழியைப் போட்டார்.

தையல் கம்பெனியில் மின்விசிறி மாட்டும்போது டார்ச் நழுவி மனைவியின் தோளில் விழுந்தது. மறுவாரம் மண்டையில்.

“டார்ச்சு கனம் கூடிப்போச்சுடி.”

“ஏன், அது வேளாவேளைக்குச் சாப்பிடுதா? இன்னொரு தடவ விழட்டும், ஏணிய செவுரு பிடிச்சுக்கட்டும். நான் வரமாட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் பிடிக்காத ஏணியில் அவர் கால் வைத்ததே இல்லை. மறுநாளே பல் கட்டிக்கொள்ளக் கிளம்பினார்.

புதுப் பல் வந்தது. டார்ச் அப்போதும் நழுவியது. நல்லவேளை, வீட்டு மேசையில். கொதித்துப்போய்ப் பல் டாக்டரம்மாவிடம், “செட்டு சரியில்லம்மா” என்றார்.

“கன்னத்துல ரெண்டு விரல வச்சுக்கிட்டு, இறுக்கிக் கடிங்க.”

விரலடியில் ஏதோ லேசாக அசைந்தது. கூட வந்திருந்த மனைவியையும் கடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. அவள் கன்னத்தில் உருண்டையாகக் கூழாங்கல் போல எழும்பியது.

“மெல்லுற தசை இதுதான். கையில கட்டுப் போட்டு வச்சா கை இளைக்குதுல்ல? அஞ்சு வருஷமா வேலை குடுக்காம இதையும் இளைக்க விட்டுட்டீங்க. பல்லு புதுசு, தசை தூங்கிடுச்சு.”

“இவளோடது மட்டும் தூங்கவே இல்லையே! வாய் ஓய்ஞ்சாத்தானே?”

“உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வளந்தது.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “முதல்ல மெத்துனு இருக்கிறதச் சின்னச் சின்ன வாயா, ரெண்டு பக்கமும் மெல்லுங்க. கெட்டியானது அப்புறம். பழைய பலம் முழுசா வராது. டார்ச்சு கவ்வுறதுக்கு நான் பல்லு கட்டல, சொல்லிட்டேன்.”

வெந்த காய், பிறகு ரொட்டியின் ஓரம், பிறகு நறுக்கிய ஆப்பிள் என்று நான்கு மாதம் மென்றார். கன்னம் கொஞ்சம் கெட்டிப்பட்டது. இதற்கிடையில் நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்றை மனைவி வாங்கி வந்தாள். “நான் என்ன சுரங்கத்துலயா வேலை பாக்கிறேன்?” என்று அதை ஒதுக்கிவிட்டார்.

மறுபடியும் அதே தையல் கம்பெனி, அதே ஏணி. மனைவி கீழே, தலையில் துண்டை நாலாக மடித்துப் போட்டபடி. குறடு டார்ச்சைக் கவ்வினார்; விசிறி சுற்றும்வரை, முழுசாக ஒரு மணி நேரம், டார்ச் இம்மிகூட அசையவில்லை...

“ஒரு மணி நேரமா!” என்று கதையின் குறுக்கே விழுகிறாள் அவர் மனைவி. “ஒரே நிமிஷம். அப்புறம் தானே வாயிலேர்ந்து எடுத்துட்டு, ‘அந்த நெத்தி டார்ச்சக் குடுடி’ன்னு கைய நீட்டினாரு. அதனாலதான் இன்னும் ஏணி பிடிக்கிறேன்.”