ஒன்றரை மணி என்று நான்தான் சொன்னேன்

என் மனைவிக்குப் பொய் சொல்லவும் வராது, அடுத்தவர் சொன்னால் கண்டுபிடிக்கவும் தெரியாது. அந்த இரண்டாவதை வைத்துத்தான் நான் மூன்று மாதம் ஓட்டினேன்.

செயற்கைக்கோள் அனுப்பும் அளவுகளைப் படிப்பது அவள் வேலை. வட்டாரத்துக்கு மேலே எவ்வளவு மீத்தேன் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று பார்த்து, வந்தது குப்பைமேட்டிலிருந்தா, மாட்டுக் கொட்டகையிலிருந்தா, எரிவாயு நிலையத்திலிருந்தா என்று பிரித்து எழுதுவாள். அந்த எரிவாயு நிலையத்தில் வால்வு திருப்புகிறவன் நான். "நீங்க விடுறீங்க, நான் எண்ணுறேன். நல்ல ஜோடிதான் போங்க" என்று கேலி செய்வாள்.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "அந்த சாட்டிலைட் தினமும் மத்தியானம் ஒன்றரைக்குத்தாங்க நம்ம தலைக்கு மேல போகும்" என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நல்ல பெயர் வாங்க மறுநாளே சூப்பர்வைசரிடம் ஒப்பித்துவிட்டேன். குழாய் சுத்தம் செய்ய மத்தியானம் வெளியே விடும் வாயுவை, அன்றிலிருந்து காலை பத்து மணிக்கே திறந்துவிடச் சொன்னார். "வீட்ல ஆள் இருந்தா இப்படித்தான்யா உதவணும்" என்று முதுகில் தட்டினார். வெட்கங்கெட்டவன், சிரித்தேன்.

எங்கள் நிலையத்துக்கு மேலே செயற்கைக்கோள் படம் சுத்தமாகிவிட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, உங்க ஆளுங்க திருந்திட்டாங்க!" ஆனால் வட்டாரத்தின் மொத்த அளவு குறையவில்லை. காலையில் நாங்கள் விட்டது காற்றோடு நகர்ந்து, ஒன்றரை மணிக்குக் கிழக்கே மாட்டுக் கொட்டகைகளுக்கு மேலே பரவி நின்றது. பாவம், அது அவளுக்கு எப்படித் தெரியும்? கொட்டகைகள்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தாள்.

இன்று காலை எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மா வாசலில் நின்று அழுதார். பதினைந்து நாளில் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

"ஏம்மா, என் பதினாறு மாடா இந்த ஊரையே கெடுக்குது?"

"எனக்கும் கஷ்டமாத்தான்க்கா இருக்கு. ஆனா அளவு அப்படித்தான் வருது" என்றாள் என் மனைவி.

அந்த அம்மா அவளை நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தியிருந்தால் தேவலை. அவள் கேட்டது ஒன்றுதான்: "என்னிக்கிலேருந்து?"

தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"உங்க வேலை போயிடுமே."

"போகட்டும்."

"எனக்கும் போகலாம். நேரத்தைச் சொன்னது நான்தானே" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. செய்தவன் நான், பழியில் பாதியைக் கேட்காமலே அவள் எடுத்துக்கொண்டாள்.

"அறிக்கையை நாளைக்கு ஆபீஸ்ல திருத்திக்கறேன். முதல்ல அந்த அக்கா வீட்டுக்குப் போகணும், வாங்க" என்று செருப்பை மாட்டினாள்.

கொட்டகையில் அந்த அம்மா பால் கறந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னம்மா, அவரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்க? எங்களுக்காக ஏதாவது பேசப் போறாரா?"

என் மனைவி நகர்ந்து எனக்கு வழிவிட்டாள்.