அணி தோற்றதற்கு நான் காரணமில்லை

போன சனிக்கிழமை காலை. தேத்தண்ணியில் இன்னும் வாய் வைக்கவில்லை, போன் அடித்தது. நேசன். என் மனைவியின் தம்பி.

“அத்தான்... அது நீங்கள் இல்லை!”

“எதடா நானில்லை?”

“எங்கட டீம் தோத்ததுக்கு நீங்கள் காரணமில்லை அத்தான்!”

சிரிக்கிறீர்களா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேசனுக்கு புவாண்ட்-கிளேரில் வெயர்ஹவுஸ் வேலை. அங்கேதான் பேஸ்போல் பைத்தியம் தொற்றியது. நான் மொன்றியலில் வந்திறங்கிய கோடையில் எங்கள் ஊர் அணி முதலிடத்தில் நின்றது. “இந்த முறை கப் எங்களுக்குத்தான்” என்று துள்ளினான். நான் வந்து கொஞ்ச நாள்தான் – ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக். மிச்ச ஆட்டமெல்லாம் ரத்து!

பிறகு என்னை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனான். தோல்வி. இன்னொரு தடவை போனோம். அதுவும் தோல்வி. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைமாறிப் போனார்கள். ஸ்டேடியத்தில் ஆட்களைவிட வெறும் கதிரைகள்தான் கூட. அணி ஊரை விட்டுப் போகப் போகிறது என்று வருடா வருடம் வதந்தி வேறு.

இங்கே நடந்த கடைசி ஆட்டத்துக்கு, மனம் கேட்காமல் என்னையும் கூட்டிப் போனான். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நேசனும் அழுதான். அழுதுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், ஒரு பார்வை...

அணி அமெரிக்கத் தலைநகருக்குப் போய்விட்டது. பழி என்னோடு இங்கேயே தங்கிவிட்டது. முழுவியளம் சரியில்லாத ஆள், எதிரே வந்தால் காரியம் கெடும்! டிரைவிங் டெஸ்டுக்குப் புறப்பட்ட நேசனின் மகள், “மாமா, ஸ்டே இன்சைட், ப்ளீஸ்” என்றாள்.

இப்போது கர்க்லாண்டில் நேசன் வீடு வாங்கியிருக்கிறான். ஞாயிறு குடிபுகுதல். சொந்தக்காரர் எல்லாருக்கும் காலை ஆறு மணி. எனக்கு மட்டும், “நீங்கள் வடிவா நித்திரை கொண்டிட்டு ஒரு பதினொரு மணிபோல வாங்கோவன் அத்தான்.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் சுட்டது.

“என்ர மனுசன் இல்லாட்டி நானும் வரேல்லை” என்று மனைவி கொதித்தாள். சமாதானப்படுத்தியது நான்தான். ஏன் தெரியுமா? ஷேவ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்த்து நானே யோசித்திருக்கிறேன் – ஒருவேளை உண்மைதானோ?

அந்த நிலையில்தான் சனிக்கிழமை போன்.

“இன்டர்நெட்டில பாத்தனான் அத்தான். அங்க போயும் போன வருசம் கடைசி இடம், இந்த வருசமும் கடைசி! நீங்கள் அந்தப் பக்கம் போகேல்லைத்தானே?”

“எல்லையே தாண்டேல்லையடா.”

“அப்ப அவங்கள் தாங்களாத்தான் தோக்கிறாங்கள்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான்தான் விசர்க்கதை கதைச்சிட்டன். நாளைக்கு நீங்கள்தான் பால் காய்ச்ச வேணும். ஆறு மணிக்கே வாங்கோ” என்றான்.

அப்பாடா! பதினைந்து வருடப் பாரம், ஒரே போனில் இறங்கிவிட்டது.

ஐந்தரைக்கே போய் நின்றேன். பால் பொங்கி வழிந்தது. புகை எழும்பி, ஸ்மோக் அலாரம் வீடு அதிர அலறியது! எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்...

“பால் பொங்கினா அது அடிக்கும்தானே!” என்று நேசன் கதிரையில் ஏறி அதை நிறுத்தினான். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எவ்வளவு சுகம் தெரியுமா, ஒருவரும் பார்க்காமல் இருப்பது!

பாயசம் குடிக்கும்போது நேசன் பக்கத்தில் வந்து குந்தினான். “அடுத்த கோடைக்குக் காரில அங்க போய் ஒரு மட்ச் பாப்பமே அத்தான்?”

“நீ போட்டு வா. நான் வரேல்லை.”

இப்போதுதான் விடுதலையாகியிருக்கிறேன். திரும்பவும் சம்பவ இடத்துக்குப் போவேனா?