ஊசிக் கையும் கண்ணாடி அருவியும்

டயாலிசிஸ் முடிந்து கட்டிலை விட்டு இறங்கினால் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து குற்றாலத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக, மகள்தான் பின்னாலிருந்து தாங்கி என்னை பஸ்ஸில் ஏற்றுவாள். வாரம் மூன்று நாள் இதே கதை. கோயம்புத்தூரில் அவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. "எம்மா, நீ தனியா பஸ் ஏறுத அன்னைக்குத்தான் நான் போவேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆபீஸ் எத்தனை நாள் காத்திருக்கும்? எனக்கு அவள் மேல் கோபம், என் கால்கள் மேல் அதைவிடக் கோபம்.

அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் பெண் வி.ஆர். கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். சென்னைக்காரி. ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வரும் நேரத்தில், படுத்தபடியே காலால் பெடல் மிதிக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் சைக்கிளில் போவதுபோல முன்னால் சாலை நகரும். பக்கத்துப் படுக்கை அண்ணாச்சி, "நமக்குப் படம் காட்டுதாவ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால், அது என்னவென்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஏதோ வெளிநாட்டுச் சாலை. தலையைத் திருப்பினால் பின்னால்கூட மரங்கள் நின்றன. ஒரு டீக்கடை இல்லை, ஒரு நாய் குறுக்கே வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று தேடியே கால் மணி நேரம் மிதித்துவிட்டேன். கால் வலித்ததே கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் பாதையை மாற்றினாள். ஒரு வளைவு திரும்பியதும் அருவி. நாள் முழுவதற்கும் தண்ணீரை அளந்து குடிக்கிறவள் நான்; நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாலை நேராக அருவிக்கு அடியில் போனது. தண்ணீர் தலைக்கு மேல் வந்ததும், அடி மண்டையில் இறங்காமல் இருக்க இரண்டு கைகளையும் கோர்த்து உச்சந்தலையில் வைத்துவிட்டேன். குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர்கள் அதை யோசித்துச் செய்வதில்லை. ஒரு கையில் இரண்டு ஊசிகள் இருப்பது நினைவுக்கு வருவதற்குள் மெஷின் கத்தத் தொடங்கியது.

ஊசி நகர்ந்து கை வீங்கிவிட்டது. "எதுக்குக் கையைத் தூக்குனீங்க?" என்று பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்பக் கேட்டாள். இனி கண்ணாடி வேண்டாம் என்று பெட்டியில் வைத்து மூடினாள். வலியைவிட அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. நர்ஸ் இங்கே பக்கத்தில் கடையத்துக்காரி; ஐஸ் வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னாள்: "அருவியில நிக்கையில தலையில கை வைக்காம இருப்பாவளா? அடுத்த தடவ நான் அக்கா கையப் பிடிச்சுக்கிடுதேன். நீங்க ரோட்ட மட்டும் போடுங்க."

வீக்கம் வடிந்த பிறகு அப்படியே நடந்தது. அவள் என் கையை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் ஆளில்லாத ஊர்களைச் சுற்றி வருவேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், பஸ் வந்து நின்றதும் ஊசி போடாத கையால் கம்பியைப் பிடித்தேன். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாவதில் முழங்கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. உள்ளே நின்று திரும்பிப் பார்த்தேன். மகள் கீழேயே நின்றாள்.

"ஏறேன்ட்டி" என்றேன்.

"நீ போம்மா. நான் அடுத்த பஸ்ல வாரேன். கோயம்புத்தூருக்கு போன் போடணும்."

இத்தனை நாளும் நான் கேட்டது இதைத்தான். பஸ் நகர்ந்தபோது, இந்தக் கால்கள் இன்னும் கொஞ்ச நாள் மக்கர் செய்திருக்கலாம் என்று நினைத்தேன்.