பசு அறிந்த பாஷை

பூதப்பாண்டியில் துஷ்டி கேட்க, சாவு விசாரிக்கப் போன வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஊறிய பருத்திக்கொட்டையின் வாசம் வந்ததும், நான் எங்கள் வடசேரித் தொழுவத்துக்குள் போய்விட்டேன்.

இப்போது அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் சிறுவயதில், அங்கே ஓலைக்கூரையும் சாணி ஈரமும் எங்கள் தெலுங்கும் இருந்தன. வாசல்படி தாண்டினால் தமிழ்தான் பேசவேண்டும், இல்லையென்றால் தெருவில் கேலி செய்வார்கள் என்பார் அப்பா. தொழுவத்தில் மட்டும் அம்மா, பசுவையும் என்னையும் ஒரே குரலில், "ரா தல்லி, ரா" என்று கூப்பிடுவாள். வா தாயே, வா என்று அர்த்தம்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது பசுவை இதே பூதப்பாண்டி வீட்டுக்கு விற்றோம். சில நாளில் அந்த வீட்டம்மாள் வண்டியில் வந்து இறங்கினாள்.

"ஏ மக்கா, தொட்டா உதைக்கி, சொட்டுப் பால் விடமாட்டேங்கு. நீ என்ன சொல்லிக் கறப்ப?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா தயங்கி நின்றாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபடியே வண்டி ஏறினாள்.

அம்மா காலமானபின் என்னை அந்தப் பாஷையில் கூப்பிட ஆளில்லை.

வாசம் வந்த பக்கம் நடந்தேன். துஷ்டி வீட்டுத் தொழுவத்தில் ஓர் இளம்பெண் வாளியோடு நின்று, "ரா தல்லி, ரா" என்றாள்.

"அது என்ன மக்கா?" என்று கேட்டேன்.

"மாட்டைக் கூப்பிடுத சத்தம்லா ஆச்சி. எங்க வீட்டுல எப்பவும் இப்பிடித்தான்."

மறுபடியும் கூப்பிட்டாள். பசு தலை திருப்புவதற்குள் என் கால் முன்னால் போயிருந்தது.