கிண்டல் என்று நினைத்தேன்

நாங்கள் இரும்புலியூரில் இருக்கிறோம். என் மகள் ஸ்டெல்லா வெளியூர்ப் பயணத்துக்கென்றே ஒரு பெரிய பைக் வாங்கினாள். ரேஸ் வண்டி மாதிரி வேகம், ஆனால் சீட்டு சோபா மாதிரி மெத்தென்று இருக்கும். அழகு கெடுகிறதென்று, பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் புடவைக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டாள்.

"வேளாங்கண்ணி வரைக்கும் இடுப்பு வலிக்காது, ஏறும்மா" என்றாள். புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தேன்.

பொத்தேரி தாண்டும்போது ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து கையை ஆட்டி ஏதோ கத்தினார். இந்த வயசில் இந்த வண்டியா என்று கிண்டல் செய்கிறார் போல என நினைத்து, வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடாமல் முன்னால் போய் எங்களை நிறுத்தினார்.

"இன்னாம்மா, நான் கத்திகினே வர்றேன், நீ மூஞ்ச திருப்பிக்கினு போற? முந்தானி செயினாண்ட கீது பாரு."

பார்த்தேன். முந்தானை நுனி முழுக்க செயின் கரி. கொஞ்சம் விட்டிருந்தால் என்னையே இழுத்துப் போட்டிருக்கும். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

இப்போது கம்பியை மறுபடி மாட்டிவிட்டாள். நான் சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறேன். ரோட்டில் யார் கூப்பிட்டாலும் உடனே மகளின் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்கிறேன். கிண்டலாகவே இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போகலாம்.