அதிபரின் முகத்தில் விழுந்த வெடிப்புகள்

எங்கள் பாடசாலை அதிபர் மேடம் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், வாழ்த்து அட்டையை நானே செய்து தருகிறேன் என்றேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கண்டி டவுனில் விற்கும், திறந்தால் பாட்டுப் பாடும் அட்டைகளைப் பற்றி ஆசிரியர் அறையில் அன்று நான் அடித்த நக்கல் கொஞ்சநஞ்சமில்லை.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டிய வேலை அது. தடித்த அட்டையில் உள்ள படத்தின் மேல் ஒட்டும் மை தடவி, பிளாஸ்டிக் தூளைத் தூவி, சூடான காற்றடித்து உருக்க வேண்டும். மூன்று நான்கு தடவை உருக்கினால் கண்ணாடி போட்டது மாதிரி பளபளக்கும். பிறகு ஃப்ரீசரில் வைத்து, விறைத்ததும் மெல்ல வளைத்தால் படபடவென்று வெடிக்கும். வெடிப்புகளுக்குள் மண்ணிற மையைத் தேய்த்தால் பழங்காலக் கண்ணாடி போல ஒரு அழகு. அந்தப் பெண் ரோஜாப்பூப் படத்தை வைத்துச் செய்தாள். நான் அதிபரின் புகைப்படத்தை வைத்தேன். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. ஃப்ரீசரில் மீன் பொதிக்கு மேலே அதிபர் அரை மணி நேரம் படுத்திருந்தார். மை தேய்த்து முடித்ததும் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"யாரு இந்தப் பாட்டி?"

ரசனை கெட்ட மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைப் படமெடுத்து, அதிபர் இல்லாத எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல்களாக வந்து குவிந்தன.

பிரியாவிடை விழாவில் அதிபர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், எனக்கு இவ்வளவு சுருக்கமா?"

"ஐயோ இல்ல மேடம், அது ஒரு டெக்னிக்."

"கண்ணுக்குக் கீழ மட்டும் டெக்னிக் கொஞ்சம் கூடிப்போச்சு போல."

கைதட்டியவர்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்னொருவருக்குத் திடீரென்று வடைமேல் பக்தி வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து விஞ்ஞான டீச்சர் மட்டும் வாய் திறந்தார்.

"ஓம் மேடம், நான் அப்பவே சொன்னனான்."

அவர் அப்போது சொன்னது 'சூப்பர்' என்ற ஒரே சொல்தான்.

ஒரு மாதம் கழித்து, அதிபர் பாடசாலையில் விட்டுப்போன சில கடிதங்களைக் கொடுக்க பிலிமத்தலாவையில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைக் கண்ணாடி அலுமாரியில், நடுத்தட்டில், என் அட்டை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் டீ கொண்டுவந்து தந்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்து அட்டையைக் கவனித்தார்.

"யாருங்க இது? உங்க சாயலாவே இருக்கு."

"அது எங்க பெரியக்கா" என்றார் மேடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"போன மாசம் தவறிட்டாங்க."

அந்த அம்மா 'ச்சு' கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

மேடமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தெரியும்" என்றேன்.