ஒரு பட்டுப்புடவையின் பயணம்

பொன்னேரியில் நானும் என் தோழியும் பழைய துணிகளை வாடகைக்கு விடவும் மறுபடி விற்கவும் ஒரு மொபைல் ஆப் உருவாக்கினோம். அதில் 'இந்த உடையின் பயணம்' என்று ஒரு பக்கம் வைத்தேன். முன்பு அணிந்தவர், இப்போது எடுத்திருப்பவர் எல்லார் பெயரும் அதில் தெரியும். பெரிய மேதை என்று எனக்கு நினைப்பு. மூளைதான் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் தெரு ஷீலா அக்கா, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் ஆப்பில் பட்டுப்புடவை எடுத்தார். நானும் போயிருந்தேன். அதே புடவையை ஆப்பில் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அக்கா, செல்போனில் ஷீலா அக்காவின் பெயர் இருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, "பொண்ணு கட்டிக்கினு கீறது வாடகைப் பொடவையாமே!" என்று எல்லார் முன்னிலும் சிரித்தாள். மணப்பெண் தலை குனிந்தாள்.

"நான் இன்னா, பொடவையயா கட்டிக்கப் போறேன்? போன உள்ள வை" என்றார் மாப்பிள்ளை. பேச்சு அடங்கியது.

வாசலில் ஷீலா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கே தண்டோரா போடத்தான் இவ்ளோ படிச்சியாமா நீ?"

அன்றே அந்தப் பக்கத்தை நீக்கினேன். இப்போது எதை வடிவமைத்தாலும், எல்லாவற்றையும் 'சூப்பர்' என்று சொல்லும் தோழியிடம் காட்டுவதில்லை. ஷிப்ட் முடிந்து வரும் ஷீலா அக்காவிடம் காட்டுகிறேன். பாதியை எடுக்கச் சொல்கிறார். எடுத்துவிடுகிறேன்.